கேட்டில் தொங்கிய பை

கடைக்குக் கிளம்பும்போது மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டால் கிரிஜா பாதி வழியிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போவாள். ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் குணசேகரனின் மளிகைக் கடையில், ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசிக்காமல் அவள் பையில் போட்டதில்லை.

“என்ன மா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?” என்பார் குணசேகரன். பாட்டன் காலத்திலேயே சிகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. தமிழும் ஹைதராபாத் உருதுவும் அவர் வாயில் ஒன்றாகவே கிடக்கும்.

“ஆமாங்க. பெயிலாப் போனா எனக்கில்ல, அவருக்குத்தான் கஷ்டம்.”

அவர் என்றால் கணவர் ஜெகநாதன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து ஹைதராபாத்துக்கு வந்து, அங்கிருந்த எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஓய்வு பெறும்வரை உழைத்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது கிரிஜா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அதை உடம்பு தள்ளிவிடாதிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையோ நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். அது போதாதென்று, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடவும் கூடாது. வாழைப்பழமும் இளநீரும் வீட்டுப் படி ஏறுவதில்லை. காய்களை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் அடுப்பில் வைப்பாள். பிரஷர்காரர்களுக்கென்று தனியாக ஓர் உப்பு விற்கிறார்களே, அதைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டுப் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்களாம். கடையில் அந்த நீல பாக்கெட்டைப் பார்த்தாலே கிரிஜா பாம்பைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொள்வாள்.

“உன் சாமான் பத்திரமா இருக்குது புள்ள,” என்று ஜெகநாதன் அடிவயிற்றுப் பக்கமாகத் தட்டிக் காட்டுவார். “வாடகைதான் குடுக்க முடியல.”

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் பன்றிக் காய்ச்சல் வந்து நின்றது. ஏர்போர்ட் வழியாக வந்தது, பஸ்ஸில் ஏறியது, பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தது என்று தொலைக்காட்சி ஓயாமல் சொன்னது. டாக்டர் போனிலேயே முடித்துவிட்டார்: “அவருக்கு வந்தா தாங்காதும்மா. அவர் வெளிய போக வேண்டாம். நீங்களும் கூட்டத்துல நிக்காதீங்க.”

கூட்டத்தில் நிற்காமல் சோறு எப்படிப் பொங்குவது என்று டாக்டர் சொல்லவில்லை.

மாதாப்பூரில் தனியாக இருந்த மகன் ஜெயந்த் அன்று மாலை கூப்பிட்டான். “அம்மா, நான் இந்த மாசம் வரல. என் டீம்ல ஒருத்தன் யு.எஸ். போயிட்டு வந்து காய்ச்சல்ல படுத்திருக்கான். நீங்க கடைக்கெல்லாம் நக்கோ, போகவே வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டுக்கு போன் பண்ணினா வேன்ல கொண்டாந்து குடுப்பாங்க.”

கிரிஜா போனை வைத்துவிட்டு ஜெகநாதனைப் பார்த்தாள். “ஏனுங்க, அந்த வேன்காரன் ஊரெல்லாம் காலிங் பெல்லை அமுக்கிட்டு, அதே கையில நம்ம அரிசியைத் தூக்கிட்டு வருவானுங்களே?”

“நீ ரைது பஜார் சந்தைக்குப் போனா ஊரையே இடிச்சுட்டு வருவே. அதுக்கு வேன்காரன் தேவலாம்.”

“நானா போனா கத்திரிக்காயில சொத்தை பார்த்து எடுப்பேன்.”

“கத்திரிக்காய்க்கு வந்தது எனக்கு வராம இருந்தாச் சரி.”

சிரித்தார்கள். ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. முகம் தெரியாதவனிடம் சாமான் வாங்குவதைவிடத் தானே போய் வருவது மேல் என்று, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒருநாள் விடிகாலையில் ரைது பஜாருக்குப் போனாள். தக்காளிக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் ஒருத்தி அடுக்காகத் தும்மினாள். தூசியாகவும் இருக்கலாம். கிரிஜா பொறுக்கி வைத்த தக்காளியை அப்படியே விட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பி, தலைக்குக் குளித்து, அன்று முழுவதும் ஜெகநாதன் இருந்த அறைக்குள் போகவே இல்லை. வாசலில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

“ஜெயில்ல கூட இதைவிட மரியாதையாப் போடுவாங்க,” என்றார் உள்ளேயிருந்து.

கடைசியில் குணசேகரனே கதி என்றானது. தெரிந்த மனிதர், தானே மொபெட்டில் கொண்டு வருகிறவர். சாமான் பையை வாசல் கேட்டின் கொக்கியில் மாட்டிவிட்டுத் தெருவிலேயே நின்று ஹாரன் அடிப்பார். அவர் போன பிறகுதான் கிரிஜா மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு இறங்குவாள். பையைக் கொல்லைக் குழாயடிக்கு எடுத்துப் போய், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கத்தரிக்கோலால் பாக்கெட்டுகளை வெட்டி டப்பாக்களில் கொட்டுவாள். காகிதம், கவர் எதுவும் வீட்டுக்குள் வராது. நேரே வெளிக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

மாஸ்க் போட்டால் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அது ஆகாது. அதனால் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனாள்.

சாமான்கள் ஒழுங்காக வந்தன. கத்திரிக்காயில் சொத்தை இருந்தது, பொறுத்துக்கொண்டாள். தன் புருஷனுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மதிலைக் கட்டிவிட்டோம் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜெகநாதன் முதலில் கால் கனக்கிறது என்றார். கிரிஜா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. இருமலும் இல்லை. காய்ச்சல் இல்லையென்றால் அது இல்லை என்று சாமிப் படத்துக்கு முன்னால் கை கூப்பினாள். மறுநாள் உதட்டைச் சுற்றி மரத்துப்போனது போலிருக்கிறது என்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமுங்களா?”

“ஊர்க் காய்ச்சல் பூரா அங்கதான் வரிசையில நிக்குது. அசதியா இருக்கும், விடு.”

அவளுக்கும் அந்த பயம்தான். வெளியே கடைக்குப் போவதா, வீட்டுக்கு வரவழைப்பதா என்று நிறுத்துப் பார்த்த அதே தராசில் இதையும் வைத்துப் பார்த்தாள். முள் எந்தப் பக்கமும் சாயவில்லை. கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுத்தாள். கூட ஒரு சிட்டிகையாகவே போட்டாள், தெம்பு வரட்டுமென்று.

அதற்கடுத்த நாள் காலை அவர் நாற்காலியிலிருந்து எழ முயன்று, முடியாமல் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. கிரிஜா ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மாஸ்க் அணிந்தவர்கள் தெருவரை நின்றார்கள். எந்த இருமலும் தன் மேல் படக்கூடாதென்று ஓடி ஒளிந்தாளோ, அத்தனை இருமலுக்கும் நடுவே அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். நெஞ்சுத் துடிப்பை வரைந்த காகிதத்தைப் பார்த்ததும் டாக்டரின் நடை வேகமானது.

“பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கும்மா. கிட்னியும் திணறுது. இளநீர் குடிச்சாரா? பழம் ஏதாவது?”

“இல்லைங்க சார்.”

“உப்பு?”

“எப்பவும் போடற உப்புதானுங்க.” சொல்லும்போதே, குழாயடியில் படித்துப் பார்க்காமல் வெட்டிய பாக்கெட் நினைவுக்கு வந்தது.

வராந்தாவுக்கு வந்து குணசேகரனுக்கு போன் செய்தாள். “கடைசியா அனுப்பினது என்ன உப்புங்க?”

“ஹவ் மா, ஆமா, நானே சொல்லணும்னு இருந்தேன்,” குணசேகரனின் குரலில் உற்சாகம். “சாதா உப்பு தீந்துபோச்சு. சார் பேஷண்ட்டாச்சே, அதான் பிரஷர் உப்பு வெச்சேன், அந்த நீல பாக்கெட். காஸ்ட்லி மா அது, ஆனா உங்களுக்கு சாதா ரேட்டுதான். சார் நல்லாருக்காங்களா?”

கிரிஜாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. அந்த நீல பாக்கெட்டைத் தன் கையால்தான் வெட்டியிருக்கிறாள். நனைந்த கையுறை, திருப்பிய முகம், உள்ளே மேஜைமேல் இருந்த கண்ணாடி.

“இனிமே சாதா உப்பே போதுங்க.”

“கைக்கு மா, ஏன்? இது ஒடம்புக்கு நல்லது!”

“அவருக்கு ருசி பிடிக்கலைங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஊசிகள் போட்டுப் பொட்டாசியத்தை இறக்கினார்கள். சாயங்காலம் ஜெகநாதன் கண் விழித்தார். சிறுநீரகம் பழையபடி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். தனி அறை எதுவும் காலியில்லை. பக்கத்துக் கட்டிலுக்கும் இவர் கட்டிலுக்கும் நடுவே பச்சைத் திரை ஒன்றுதான். அதற்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் இருமினார்கள்.

“அது என்ன இருமலும்மா?” என்று நர்ஸைக் கேட்டாள்.

“டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு. ரிசல்ட் வந்தாத்தான் தெரியும்.”

கிரிஜா நர்ஸிடம் இன்னொரு மாஸ்க் கேட்டு வாங்கி ஜெகநாதனின் முகத்தில் கட்டிவிட்டாள். அவர் கை மெதுவாக அடிவயிற்றுப் பக்கம் போனது.

“உன் சாமானுக்கு... சேதாரம் ஏதாச்சுமா புள்ள?”

“பேசாதீங்க. வாயை மூடிட்டு மூச்சு விடுங்க.”

திரையின் விளிம்பு சுவரோடு சேரவில்லை. நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடுக்கு இருந்தது. கிரிஜா ஸ்டூலை அங்கே நகர்த்திப் போட்டு, திரையின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இருமலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கண்ணாடி மங்கியது. அவள் துடைக்கவில்லை. துணிக்கு மேலும் கீழும் காற்று போய் வந்துகொண்டுதான் இருந்தது.