திருநீற்றை நம்பி நடத்திய பாடம்

மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஒரு சோதனை வைத்தார்கள். அவரவர் தாய்மொழியில், ஆனால் எல்லோருக்கும் புரியும்படி பாடம் நடத்த வேண்டும். நான் தமிழில் மழையைப் பற்றி நடத்தினேன். மலாய், சீன ஆசிரியர்களின் மேசைக்கெல்லாம் போய்ப் படம் வரைந்து காட்டினேன். திருநீறு பூசியிருந்த, மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலிருந்து வந்த பெண்ணிடம் மட்டும் போகவில்லை. தமிழச்சிக்குப் படம் எதற்கு? கேள்விதான் கேட்டேன். தலைகுனிந்து இருந்தாள்.

"என்னங்க டீச்சர், வாயைத் திறக்க மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

தான் மலாக்கா செட்டி, தமிழ் வணிகர் வழிவந்தவர்கள்தான் என்றாலும் பல தலைமுறையாக வீட்டில் மலாய்தான், தமிழ் தெரியாது என்று மலாயில் மெல்லச் சொன்னாள்.

பயிற்சி முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதன்பின் எத்தனையோ வகுப்புகளில் மழையை வரைந்துவிட்டேன். வரைந்து முடித்ததும் அவள் மேசையைத்தான் இன்னும் கண் தேடுகிறது.