இடது காதில் மிச்சமிருப்பது

குப்பை வண்டி வர இன்னும் அரைமணி நேரம் இருக்கும். அதற்குள் ஷியாவ் அண்ணன் இரண்டு பைகளோடு சந்து முனைக்கு வந்து நின்றுவிடுவார். தைவானின் தைனான் நகரில் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் செருப்பையே தேடுவோம். அவருக்குப் பாட்டு கேட்காது. நாங்கள் பையோடு வெளியே வருகிறோமா என்று எங்கள் வாசல்களைப் பார்த்தபடி நிற்பார்.

போன புதன்கிழமையும் நின்றார். புதனன்று வண்டியே கிடையாது. "அண்ணே, இன்னைக்கு புதன்!" என்று மாடியிலிருந்து கத்தினேன். "ஆமா ஆமா" என்று கையாட்டிவிட்டு மறுபடி நின்றார். இறங்கிப் போய்ச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் ஸ்கூட்டர் பழுதுபார்ப்பவர். முன்பெல்லாம் ஸ்கூட்டர் தெருவில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து "பெல்ட் போச்சு" என்பார். இப்போது எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்டுபிடிக்கிறார். கல்யாண விருந்துகளுக்குப் போவதில்லை. "வட்ட மேசையில பத்து பேரு. எல்லாரும் சிரிச்சப்புறம் நான் சிரிக்கணும். அலுத்துப்போச்சுப்பா" என்றார் ஒருநாள், தலை நிமிராமல்.

வலது காது இருபது வருடமாகச் செத்துக் கிடக்கிறது; அதில் இனி எதை வைத்தும் பயனில்லையாம். உள்ளே கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை இடது காதில்தான் செய்ய வேண்டுமாம். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சமும் அதோடு போய்விடலாம் என்று டாக்டர் எழுதிக் காட்டியிருக்கிறார். அந்தக் கொஞ்சநஞ்சத்தில் அவருக்குக் கேட்பது ஒன்றுதான்: மனைவி லிச்சிங் காதோடு வாய் வைத்துப் பேசுவது.

"மெஷின் வெச்சா எல்லாக் குரலும் தகரம் மாதிரி கேக்குமாம். போகப்போகப் பழகிடுமாம்" என்றார் என்னிடம். "இவ குரலு முப்பத்தெட்டு வருஷமா பழகினது."

நேற்று என் ஸ்கூட்டருக்காகக் கடையில் காத்திருந்தேன். அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவம் மேசையில் கிடந்தது. லிச்சிங் அவர் காதருகே குனிந்தார்.

"ஏ கிழவா, படிவம் குடுக்க இன்னைக்குதான் கடைசி நாள். வெச்சுக்கிறியா, இல்லியா?"

"பேசு."

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும். நிறுத்தாம பேசு."

"பால்மீன் வாங்கணும்... இஞ்சி தீந்துபோச்சு... உன் நீலச் சட்டைக்கு பட்டன் தைக்கணும்..." என்று லிச்சிங் அடுக்கிக்கொண்டே போனார். நிறுத்தவேயில்லை.

ஷியாவ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மேசையைத் துழாவித் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, மனைவியின் வாயிலிருந்து காதை எடுக்காமலே படிவத்தில் அழுத்தினார்.