லீவு எத்தனை நாள்?

வட்டார அகராதிக்காகப் பேச்சு வழக்குச் சொற்களைச் சீட்டில் எழுதிச் சேர்க்கும் தொழிலுக்கு முதல் தேவை, யாரிடமும் எதையும் கேட்டுவிடும் துணிச்சல். வெளியூரிலிருந்து ஒருவர் வருவார் என்று நாள்காட்டித் தாளைக் கிழித்துக் காத்திருந்தவர்கள் நீங்களும் என்றால், ‘லீவு’ என்ற ஒரு சொல்லுக்கான சீட்டை நான் ஏன் இன்னும் முடிக்கவில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

வேர்

தென்காசியில் என் சீட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருபவர் மும்தாஜ். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். கணவர் காதர் துபாயில் இருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார். இம்முறை குற்றாலச் சாரல் முடிவதற்குள் வந்துவிட வேண்டுமே என்பது மும்தாஜின் ஏக்கம்.

‘லீவு: ஆங்கிலச் சொல். பழம்பொருள் அனுமதி. அன்பு, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பாதியில் அவருடைய விரல்கள் நின்றன.

“அனுமதின்னு போட்டது சரிதான் சார். அன்புன்னும் போட்டிருக்கியளே, அவுக மேனேஜர் இதெல்லாம் படிச்சிருப்பாரா?”

வழக்கு

பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் போகாமல் இருப்பது. பட்டாளத்துக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய வீடுகளில் லீவு என்றால் வந்து சேர்வது. இதைவிட நுட்பமான ஒன்றையும் கண்டுபிடித்திருந்தேன். ‘எப்பம் வந்தே?’ என்ற கேள்வியோடு, மூச்சுவிட இடமில்லாமல், ‘லீவு எத்தன நாளு?’ ஒட்டிக்கொண்டே வரும். இலஞ்சியில் அப்படித்தான். கடையத்தில் ‘எப்பம் போணும்?’ என்றே கேட்டுவிடுகிறார்கள். கடையநல்லூர்க்காரர் வாயால் இதற்கு விடை எப்படி வரும் என்பது மட்டுமே சீட்டில் பாக்கி. அதைப் பெருமையாகச் சொன்னேன். மும்தாஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போன தடவ பெட்டிய எறக்குததுக்கு முன்னாடியே தெருவுல எல்லாரும் கேட்டாக சார். அன்னையிலேருந்து அவுக நாள எண்ணிக்கிட்டேதான் இருந்தாக. வீட்டுல இருந்த மாதிரியே இல்ல. இந்தத் தடவ ஒருத்தராவது அதக் கேக்காம இருக்கணும்.”

சாரல்

காதர் வந்தபோது சாரல் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் காதர், மும்தாஜ், மகள் மூவரையும் பார்த்தேன். நான்கு வயது மகள், தலை ஈரம் சொட்ட, காதர் தோளில் இருந்தாள். தந்தையைப் பெரும்பாலும் கைபேசியில் பார்த்தே வளர்ந்தவள், இப்போது அவர் முடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

“இவங்கதான் சொல்லு எழுதுத சார்” என்றார் மும்தாஜ். காதர் சிரித்தார். தெரு முழுக்கச் சொல்லிப் பழகிய விடை உதட்டில் தயாராக இருந்தது. என் சட்டைப்பையில் பென்சிலும் சீட்டும் இருந்தன. மும்தாஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி ரொம்பக் குளிருதோ?” என்றேன்.

காதர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“அப்படிக் கேளுங்க சார்! உள்ள நிக்கையில ஒண்ணும் தெரியாது. வெளிய வந்தாத்தான் பல்லு அடிக்கும். சும்மா வாங்க சார், இன்னொரு தடவ நனைஞ்சிட்டு வருவோம்!”

வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டுச் சொல் சேர்த்த எனக்கு, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் கிடைத்தவை, சீட்டில் ஒரு காலி இடமும் மூன்று நாள் ஜலதோஷமும்.