சாம்பல் பூசிய வரைபடம்

அந்தத் தாளை விரிக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அழகு அன்று, அழுக்கு. கருநீலம் தீட்டிய தடித்த தாள். அதன்மேல் காரைக்குடியின் தெருக்கள் மெல்லிய கோடுகளாக நேர்நேராக ஓடுகின்றன. கோடுகளின் ஓரமெங்கும் விரல்நுனி அளவில் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாக அப்பியிருக்கிறது. ஈரம் காயுமுன் யாரோ கைவைத்துக் கெடுத்துவிட்டதுபோல் தோன்றும். வரைந்தவரே யோசித்துத்தான் அப்படிச் செய்தார் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத்தில் பட்டம் பெற்ற கையோடு, நகராட்சி அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தேன். எதிர்மேசைக்காரரை எல்லோரும் டிராப்ட்ஸ்மேன் என்றே அழைத்தார்கள். சாக்கடைக்கும் கட்டட அனுமதிக்கும் படம் போடுவது அவர் வேலை. ஓவியம் படிக்க ஆசைப்பட்டு, வீட்டு நிலைமை இடம் தராமல் இந்த வேலைக்கு வந்தவர். அந்த ஆசை தீராமல், அலுவலக நேரத்துக்கு வெளியே தமக்கென்று ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். விடிந்ததும் செக்காலைப் பகுதியில் தொடங்கித் தெருத்தெருவாகச் சைக்கிளில் போவார். கோலம் இட்ட வாசலுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கோலமில்லாத வாசலுக்கு ஒன்றுமில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்தித் திரும்பிய குடும்பங்கள் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் கோவைக்கும் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கும் பெரிய வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. அவர் கேட்டுக்கொண்ட கேள்வி எளியது: ஊரில் இன்னும் எந்த வாசல்கள் விழிக்கின்றன? அதற்கு அந்தப் படம் தந்த பதில் நட்சத்திரங்கள் இறைந்த வானம்போல் இருந்தது.

எங்கள் பொறியாளர் அதைக் கண்டு மகிழ்ந்துபோனார். சென்னையில் நடக்கவிருந்த கண்காட்சி ஒன்றுக்கு அனுப்புவதாகச் சொன்னார். டிராப்ட்ஸ்மேன் அன்று முழுவதும் தமக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் பொறியாளர் அதோடு நிற்கவில்லை. தெருக்குழாய்களை முதலில் எங்கெங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் கூட்டத்திலும் அந்தப் படத்தையே மாட்டச் சொன்னார். வெள்ளை அடர்ந்த தெருவுக்கு முதலில் தண்ணீர். ஒரு கேள்விக்காக வரைந்த படம் வேறொரு கேள்விக்கு விடையாகிவிட்டதை எங்களில் எவரும் உணரவில்லை.

கூட்டத்தன்று காலையில் ஓர் அம்மாள் குழாய் கேட்டு வந்தார். முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஒரு சிறு தெருவைச் சேர்ந்தவர். அங்கிருந்து ஊரணிக்குப் போய்க் குடம் சுமந்து வருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடுகிறது என்றார். பேசிக்கொண்டே சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பள்ளிவாசலை அடையாளம் வைத்துத் தம் தெருவைக் கண்டுபிடித்தார். அங்கே வெறும் கருநீலம்தான் இருந்தது.

"எல்லாத் தெருவுக்கும் பொட்டு வச்சிருக்கீக. எங்க தெருவுல மட்டும் ஒண்ணையும் காணோமே, தம்பி?"

டிராப்ட்ஸ்மேன் விளக்கினார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோலம் போடாட்டி குடியில்லேன்னு ஆயிருமாக்கும்? அப்ப எங்க அடுப்புல பொங்குறதை யாரு திங்கிறாக? விடியக்காலம் புகை போகுதான்னு பாத்திருக்கலாம்ல?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டிராப்ட்ஸ்மேன் சிரிக்கவில்லை. அந்தத் தெருவை அவர் அறியாதவர் அல்லர். ஆண்டுதோறும் பெருநாளன்று அங்கே நண்பர் வீட்டில் சாப்பிடுகிறவர். பிறகு, படத்தில் விடுபட்டவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்: துக்கம் நிகழ்ந்த வீடுகள், மாதா கோவிலுக்குப் போகிறவர்களின் வீடுகள். மறுபுறம், ஆளே இல்லாமல் பூட்டிக் கிடந்தும், கூலிக்குக் கோலம் போடப்பட்டதால் புள்ளி பெற்ற வீடுகள்.

பிற்பகலில் கூட்டம் தொடங்குமுன் அவரே படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கீழே ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதுமே என்றார் பொறியாளர்.

"குறிப்பை யாருங்கய்யா படிக்கப் போறாக? படத்தைத்தான் பாப்பாக."

என்னைப்போல் தற்காலிக ஊழியரல்லர் என்றாலும், மேலதிகாரியிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குழாய் விவகாரம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் முதல் நானும் குறிப்பெடுக்க உடன் போனேன். எங்கள் ஊரின் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும்; சமையல் நடக்கும் பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். அதுவரை முகப்புகளையே பார்த்து வந்தவர் இப்போது பின்தெருக்களில் நடந்தார். பூட்டிய மாளிகையின் பின்கட்டில் காவல்காரர் குடும்பத்தின் புகை எழுந்தது. கோலமிட்ட சில வீடுகளின் பின்னால் அடுப்புச் சூடே இல்லை.

எல்லாம் பார்த்து முடித்தபின், புகையைப் புதுத் தாளில் வரையலாம், பழையதைக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று நான் மன்றாடினேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். அனுப்ப வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது.

"ரெண்டும் இருந்தா அழகானதைத்தான் எடுப்பாக, தங்கச்சி."

தூரிகையை எடுக்கவில்லை. புகைக்கு ஓரம் கிடையாது என்று சொல்லி, சாம்பல் வண்ணத்தில் விரலைத் தோய்த்து, முதலில் அந்தத் தெருவில் வைத்தார். பிறகு ஊர் முழுவதும். ஆளில்லா வீட்டுப் புள்ளிகளின்மேல் நீலத்தைத் தடவினார்.

படம் சென்னைக்குப் போகவில்லை; அடுத்த கூட்டத்தின் சுவருக்குப் போனது. அந்தக் கோடையிலேயே அத்தெருவின் முனையில் குழாய் வந்தது. முதல் குடம் நிறைந்ததும், 'புகைத் தம்பி'யிடம் சொல்லிவரும்படி அந்த அம்மாள் ஆள் அனுப்பியிருந்தார். அலுவலகத்தில் சில காலம் அதுவே டிராப்ட்ஸ்மேனின் பெயராயிற்று. மாற்றலாகிப் போனபோது தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப்பின் அவர் தமக்கென்று படம் வரைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இன்று கைபேசியைத் திறந்தால் ஊரின் ஒவ்வொரு கூரையும் மேலிருந்து தெரிகிறது. எரிவாயு வந்தபின் புகை இல்லை. பூட்டிய வீடுகளின் வாசலிலும் ஸ்டிக்கர் கோலம் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதில் யார் விடுபட்டிருப்பார்கள் என்றே என் மனம் முதலில் தேடுகிறது.

நேற்று அந்தத் தாளை மறுபடி விரித்தேன். சாம்பல் பல இடங்களில் உதிர்ந்து, அடியிலிருந்த வெள்ளைப் புள்ளிகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் மட்டும் உதிர்ந்தால் வெளிப்பட அடியில் ஒன்றுமில்லை. அங்கே அவருடைய விரல்ரேகைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. என் கை படாமல் தாளைச் சுருட்டி வைத்தேன்.