துவேசமும் கணக்குப் பாடமும்

"…அதைப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சா, பிள்ளையள் எல்லாத்துக்கும் துவேசத்தையே சாட்டாச் சொல்லுவினம், அக்கா. வெள்ளைக்காரன் எங்களில துப்பினால் துடைச்சிட்டுப் போய் வேலையைப் பாக்கவேணும்."

லண்டன் எட்மண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இது. தொண்ணூறுகளின் தொடக்கம். நிறத்துவேசம் பற்றிப் பாடம் வைக்கலாமா என்று பேச, அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில் அன்று பின்னேரம் பெற்றோர் கூட்டம். வேண்டாம் என்று சொல்லத்தான் மனுசன் பெற்றோல் ஷெட்டில் ஷிப்டை மாற்றிவிட்டு வெளிக்கிட்டிருந்தார். என் மகனும் அங்கேதான் படித்தான். நானும் கூடப் போனேன்.

நடக்கும்போது, கூட வந்த அவருடைய மகளிடம், "கணக்கு எப்பிடிப் போகுது பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன்.

"கீழ் குரூப்புக்கு இறக்கிப்போட்டினம், அன்ரி. அங்க முழுக்கக் கறுப்புப் பிள்ளையளும் எங்கட ஆக்களும்தான். சோதினைப் பேப்பரே வேறை. அதில எவ்வளவு எடுத்தாலும் நல்ல கிரேட் தரமாட்டினம்."

"மாக்ஸ் குறைவோ?"

"இல்லை. மேல் குரூப்பில சிலபேரைவிட எனக்குக் கூட."

"கவனயீனம், வேறென்ன," என்றார் தகப்பன். அவருக்கு அவளை டொக்டராக்க வேண்டும்.

"டீச்சரிட்டக் கேட்டனீரோ, தம்பி?"

"வாத்திமாரிட்டக் கேள்வி கேக்கிறதோ அக்கா? போனமுறை, 'படிக்காட்டி நல்லா அடியுங்கோ' எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

அதைக் கேட்ட டீச்சர் கண்ணை உருட்டியதை மகள் நடித்துக் காட்டினாள். சிரித்தபடியே கேட்டாள்: "அப்பா, தரப்படுத்தல் கதையைச் சாப்பிடேக்கையெல்லாம் சொல்லுவீங்களே. உங்களுக்கு மெடிசின் கிடைக்காமப் போகேக்க ஆர் வந்து துப்பினது?"

தமிழ்ப் பிள்ளைகள் சிங்களப் பிள்ளைகளைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் பல்கலைக்கழகம் என்று இலங்கையில் கொண்டுவந்த முறைதான் தரப்படுத்தல். அதில் அடிபட்டவர் அவர். மனுசன் எங்களை விட்டுவிட்டு முன்னால் வேகமாக நடந்தார்.

நான் யோசித்துக்கொண்டே பின்னால் நடந்தேன். துப்புகிறவனைத் தெருவே காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு வகுப்புத் தேவையில்லை. ஆனால் ஒருவரும் ஏசாமல், சிரித்த முகத்தோடேயே ஒரு பிள்ளையைக் கீழே இருத்திவைக்கிற ஒழுங்கு இருக்கிறதே, அதை ஆரும் சொல்லித் தராவிட்டால் பிள்ளை தன்னைத்தான் மொக்கு என்று நினைக்கும்.

கூட்டத்தில் தலைமையாசிரியை, பாடத்தைப் பற்றி யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். மனுசன் எழும்பினார். பாடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, என் மகளைக் கணக்கில் ஏன் இறக்கினீர்கள் என்று இங்கிலீசில் கேட்டார். பிறகு பேசுவோம், கதிரையில் இருங்கள் என்றார்கள். அவர் இருக்கவில்லை.