வெறும் வயிறும் கோயில் இட்லியும்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு என் செல்போனில் அந்த ரிப்போர்ட் வந்தது. ஆபீசில் இருந்தேன். திறந்ததும் கண்ணில் பட்டது டிரைகிளிசரைடு என்ற வரிதான். எண் தடித்த எழுத்தில் இருந்தது. ஐந்து மாதம் முன்பு இருந்ததைவிட அதிகம். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுந்து எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

அன்று காலை லேப்பில் கொடுத்த என் மகளின் ரத்தம் அது. பத்தொன்பது வயது, ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறாள். போன வருஷம் என் கணவரின் தம்பி, அவளுடைய சித்தப்பா, தறியில் உட்கார்ந்தபடியே பாதி நெய்த புடவை மேல் சாய்ந்தார். நாற்பதைத் தாண்டியதும் தாண்டாததுமான வயது. மாரடைப்பு, ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குடும்பத்தில் எல்லோரும் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். பார்த்தோம். எனக்குச் சரியாக இருந்தது. என் கணவருக்குக் கொஞ்சம்தான் அதிகம். குச்சி மாதிரி இருக்கிற இவளுக்குக் கெட்ட கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் அதிகம், நல்ல கொலஸ்ட்ரால் குறைவு.

"ஒல்லியா இருந்தா வராதுன்னு எவன் சொன்னான்? பரம்பரைமா," என்றார் டாக்டர். "தினமும் ஓடட்டும். பேச முடியாம மூச்சு வாங்கணும். அஞ்சு மாசம் பார்ப்போம், இறங்கலேன்னா மாத்திரைதான்."

நீங்களும் ஓடலாம் என்றது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "நான் தறிக் குழியில கால விட்டுக்கினு காலையிலேர்ந்து மிதிக்கிறேன். இதைவிட இன்னா ஓட்டம்?"

"மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்டார். இவர் யோசித்தார். "முதுகு வலிக்குது" என்றார்.

அவள் ஓட ஆரம்பித்தாள். முதல் நாளிலிருந்தே நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன், மயங்கி விழுந்தால் தூக்க வேண்டுமே என்று. பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் சாயம் காய்ச்சுகிறவர்கள், தறிக்குப் பாவு நூல் நீட்டுகிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாமா, பொண்ணத் துரத்திக்கினு போற? கோச்சுக்கினு போகுதா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு மாதத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளோ மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். காற்று முகத்தில் அடிக்க, எனக்கு முன்னால் அந்தப் பின்னல் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ குதிக்கும். ஹாரன் அடித்துக் கத்துவேன். "அம்மா, மானம் போவுது" என்பாள், நிற்காமல்.

டாக்டரிடம் கேட்டுக் கேட்டு நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நெடுநேரம் ஓடினால் கால் தசைகள் ரத்தத்தில் மிதக்கும் டிரைகிளிசரைடுக் கொழுப்பை இழுத்து எரிக்கின்றனவாம். விடாமல் பழகினால் ஓடாத நேரத்திலும் அந்த இழுப்பு நன்றாக நடக்குமாம். அதனால் முதலில் இறங்குவது டிரைகிளிசரைடு. நல்லது மெதுவாக ஏறும். கெட்டது அடம்பிடிக்கும், கொஞ்சம்தான் அசையும்.

முதலில் இறங்க வேண்டியதே ஏறியிருந்தால்?

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளும் காலேஜ் தோழிகளும் ஊரிலிருந்து தென்னேரி ஏரிக்கரை வரை ஓடுவதாக இருந்தார்கள். அவளுக்கு அதுதான் முதல் நீண்ட ஓட்டம். "நீ எங்கயும் போகல" என்றேன். சித்தப்பாவின் முகம் கண்ணிலேயே நின்றது.

"ஓடினா ஏறாதும்மா! நீதானே டாக்டர்கிட்ட கிளாஸ் கேட்டுக்கினு வந்த?"

"ஏறியிருக்குதே!"

"அப்போ லேப்ல தப்பு."

"வெறும் வயிறுன்னு நான்தான் கூடவே இருந்து பார்த்தேன். காபிகூடக் குடிக்கல நீ."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஸ்கூட்டி சீட்டைத் திறந்து பையை எடுக்கப் போனேன். சீட்டுக்கு அடியில் ஒரு இலை, மடித்தபடி. எடுத்ததும் சுக்கும் மிளகும் நெய்யும் மணத்தன. பெருமாள் கோயிலில் பிரசாதமாகத் துண்டு போட்டுத் தருகிற இட்லி.

நாங்கள் சிவன் கோயில்காரர்கள். ஆனால் அந்த இட்லி விஷயத்தில் என் கணவருக்குச் சாமி பேதம் கிடையாது. ரத்தம் கொடுக்கிற நாளாயிற்றே என்று அன்று விடியற்காலையிலேயே போய் வேண்டிக்கொண்டு வாங்கி வந்திருந்தார். கிளம்பும்போது ஆளுக்கொரு பெரிய துண்டு வாயில் ஊட்டினார். நானும் சாப்பிட்டேன். இலையை நான்தான் சீட்டுக்கு அடியில் வைத்தேன். லேப்பில் "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது மூன்று பேருமே, மனசார, இல்லை என்றோம். எங்கள் வீட்டில் பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் வராது. கார்த்திகை விரதத்தன்றுகூடப் பிரசாதத்தால் விரதம் கலைந்ததில்லை.

இலையோடு கணவர் முன்னால் நின்றேன். "பிரசாதம்தானேமா?" என்றார்.

"அதுல எவ்வளவு நெய்யி!"

அறைக் கதவு திறந்தது. அவள் இலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். "நெய் சாப்பிட்டா சில மணி நேரம் அது ஏறித்தான் இருக்கும். நாளைக்கு மறுபடி குடுங்க. ஞாயித்துக்கிழமை தாராளமா ஓடட்டும்" என்றார்.

சனிக்கிழமை காலை கணவரிடம் தறியை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டு அவளை அழைத்துப் போனேன். அன்றைக்கே அனுப்புகிறோம் என்றவர்கள் அனுப்பவில்லை. ராத்திரி வரை போனைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிறு வெளிச்சம் வருவதற்கு முன்பே அவர்கள் கிளம்பினார்கள். நான் முன்னால் போய்த் தென்னேரிக் கரையில் நின்றேன். ஏரி நிறைந்திருந்தது. தூரத்துச் சாலையில் புள்ளி புள்ளியாக யாரோ தெரிந்தபோது போன் அதிர்ந்தது. அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். டிரைகிளிசரைடு அளவுக்குள் வந்திருந்தது. ஐந்து மாதம் முன்பு இருந்ததைவிட நன்றாகவே குறைவு. நல்லது கொஞ்சம் ஏறியிருந்தது. கெட்டது, டாக்டர் சொன்னபடி, சிறிதளவே இறங்கியிருந்தது. மாத்திரைப் பேச்சு அதற்காக இன்னும் வரலாம். வரட்டும். ஓட்டம் வேலை செய்கிறது! கரையில் நின்று தனியாகக் கை தட்டினேன். மாடு ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார்.

தோழிகள் முதலில் வந்தார்கள். கடைசியில் அவள், முகமெல்லாம் சிவந்து, பின்னல் அவிழ்ந்து. நான் போனை நீட்டினேன். அவள் அதை வாங்கவேயில்லை. முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினாள். பிறகு நிமிர்ந்து ஸ்கூட்டி சீட்டைத் தட்டினாள்.

"அப்பா இட்லி குடுத்தனுப்பிச்சாரா? எடும்மா. இங்க எவனும் ரத்தம் எடுக்க மாட்டான்."