மங்கலான படங்கள்

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம், புளியந்தீவில் இருந்த என் ஸ்டூடியோவின் மேல்மாடியில் பெண்களுக்காக ஒரு புகைப்பட வகுப்புத் தொடங்கினேன். அதற்கு முன் நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. என் தொழிலில் பாதி அடையாள அட்டைப் படங்கள். சுனாமிக்குப் பிறகு சில மாதங்கள், இறந்தவர்களின் முகம் கேட்டு வந்தவர்களுக்காகப் பழைய நெகட்டிவ்களைக் கிளறுவதே வேலையாக இருந்தது. சண்டை ஓய்ந்து கல்யாண வீடுகள் மறுபடி களைகட்டியபோது படமெடுக்க ஆள் போதவில்லை. பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்த சடங்கு வீடுகளுக்குப் பெண்களே வந்தால் நல்லது என்று பலர் கேட்டார்கள். அப்படித்தான் வகுப்பு வந்தது.

ஏழு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி களுதாவளையில் இருந்து பஸ்ஸில் வருவாள். தையல் வேலை செய்பவள், முப்பது வயதிருக்கும். ஏன் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் கேட்டபோது சொன்னாள்:

"சுனாமியில அம்மாவும் போயிற்றா, போட்டோ அல்பமும் போயிற்று சேர். அவட முகம் எங்களிட்ட ஒரு துண்டும் இல்ல. இனி எங்கட ஆக்கள நானே எடுத்து வைக்கணும்."

கமரா தானாகத் தெளிவு பிடிக்கும் வசதியை நான் நிறுத்தி வைத்திருந்தேன். லென்ஸைக் கையால் திருப்பிப் பழகினால்தான் கண் பழகும் என்பது என் பிடிவாதம். மற்றவர்கள் இரண்டு கிழமையில் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய படங்கள் மட்டும் மங்கலாகவே வந்தன.

"கைய ஆட்டாதீங்க எண்டு எத்தின தரம் சொல்றது?" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டேன். அவள் தலையைக் குனிந்து "ஓம் சேர்" என்றாள்.

அன்று பின்னேரம் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை ஆடினால் படத்தில் கோடு இழுபடும். இவற்றில் கோடே இல்லை; தெளிவுதான் பிடிபடவில்லை. மங்கலுக்குள்ளும் இன்னொன்று தெரிந்தது: அவள் எடுத்த ஆட்கள் ஒருவரும் விறைத்து நிற்கவில்லை. என் கமராவின் முன்னால் எல்லோரும் ஆமியின் சென்றிப் பொயின்றில் சோதனைக்கு நிற்பதுபோலத்தான் நிற்பார்கள்.

அடுத்த வகுப்பில் அவளை யன்னலடிக்குக் கூப்பிட்டேன். "அந்தக் கடைப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

"பலகை தெரியுது சேர். எழுத்துத்தான்..."

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"சுனாமிக்குப் பிறகுதான். கடல் தண்ணி கண்ணுக்க போனதால எண்டு நினைச்சன். அழுதழுது கண் போயிற்று எண்டு ஊரில சொன்னாங்க. அம்மாவுக்காகப் போன கண்தானே எண்டு விட்டுற்றன்."



அந்தக் கிழமையே என் மனைவி அவளைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனாள். கடல் தண்ணியும் இல்லை, அழுகையும் இல்லை. தூரத்துப் பார்வை குறைவு, பலருக்கும் வருவது, கண்ணாடி போட்டால் சரி என்றாராம். அதைக் கேட்டு முதலில் சிரித்தவள், வாசலுக்கு வந்ததும் என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதாளாம்.

எல்லோர் முன்னாலும் ஏசியதால், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஏசாட்டி எனக்குத் தெரியவே வந்திராது சேர்," என்றாள்.

கண்ணாடி வந்த நாளில் வகுப்பை வாவிக் கரைக்குக் கூட்டிப்போனேன். அவள் கமராவைத் தொடவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று, "அங்கால கரையில ஒராள் தோணிக்குப் பக்கத்தில நிண்டு தலை துவட்டுறார்!" என்று கத்தினாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் திரும்பி அந்தச் சிரிப்பை எடுத்தாள். தெளிவாக விழுந்த அவளுடைய முதல் படம் அதுதான்.

சில மாதங்கள் கழித்து, சித்தாண்டியில் ஒரு சடங்கு வீட்டுக்கு என் இடத்தில் அவளை அனுப்பினேன். வீட்டுக்காரருக்கு அவ்வளவு விருப்பமில்லை. அடுத்த மாதம் அவருடைய தங்கச்சி தன் வீட்டு விசேஷத்துக்காகப் போன் எடுத்தார்: "நீங்க வராட்டியும் பரவாயில்ல, அந்தக் கண்ணாடி போட்ட புள்ளைய அனுப்புங்க."

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டாவது வகுப்பை ஒரு சனிக்கிழமை தொடங்க இருந்தேன். உதவிக்கு வரும்படி அவளைக் கேட்டேன்.

"சனிக்கிழமையெண்டா ஏலா சேர், கல்யாணம் ஒண்டு எடுக்க இருக்கு. ஞாயிறெண்டா வாறன்."

வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன்.